சனிக்கிழமை ஊசி

கோழி பிழைத்தால் போதாதா? எதனால் பிழைத்தது என்றும் தெரிந்தாக வேண்டுமா? நாகஜோதியின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து தொட்டாலும் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. கேட்டவர் அவருடைய அம்மா பஞ்சம்மாள். நாகஜோதி அதற்குப் பதில் சொன்னாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

மார்க்கையன்கோட்டையில் அவர்களுக்குக் கொஞ்சம் நெல் வயலும் தென்னையும் இருந்தன. வயல் அப்பா மொக்கைச்சாமியின் பொறுப்பு. கோழிகள் பஞ்சம்மாளுடையவை, அதில் அப்பா தலையிட மாட்டார். முட்டையும் சேவலும் விற்றுத்தான் நாகஜோதி கல்லூரிக்குப் போய்வந்தார். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தப் பக்கத்தில் வெள்ளைக்கழிச்சல் வரும். கோழி இறக்கையைத் தொங்கவிடும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்தைத் திருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும், சாகும். ஒரு வீட்டில் தொடங்கினால் தெருவே காலியாகிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. சனிக்கிழமை காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கிக்கொண்டு போனால் இலவசமாகவே போடுவார்கள். பஞ்சம்மாள் ஒரு வருடமும் தவறியதில்லை.

1999இல் நாகஜோதி தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். செடி சேகரிக்க வகுப்போடு போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டக் குடியிருப்புக்குப் போனபோது, வீடுகளுக்குப் பின்னால் செத்த கோழிகளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊசி போடவில்லையா என்று கேட்டார்.

"மருந்து வந்துச்சும்மா, ஐஸ் வரல," என்றார் குழிக்குப் பக்கத்தில் நின்ற பெண். "கீழருந்து ஏறி வாரதுக்குள்ள உருகிப்போச்சாம். வெந்நி மாதிரி இருந்ததத்தான் போட்டாக. போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்."

ஐஸ் கேட்காத மருந்து என்ற எண்ணம் அங்கேதான் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, வைகை அணைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அல்லிநகரத்தில் அறை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தின் தலைவர் செல்வமணி ஏற்கனவே அந்த வழியில்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் மேலுறையில் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவை மக்காச்சோளத்துக்குள் செலுத்தி, புரதத்தைச் சோளமணியிலேயே விளைய வைக்க வேண்டும். புரதம் மட்டும் போனால் நோய் வராது. ஆனால் அதைத் தின்ற கோழியின் உடல் எதிரியின் முகத்தைத் தெரிந்துகொண்டு, எதிர்ப்பைத் தயார் செய்துவிடும். காய்ந்த மணியை மலைமேல் சாக்கில் கட்டிக்கொண்டு போகலாம்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்ப்பதில் ஐந்து வருடம் போனது. குடுவையில் முளைத்தவற்றைப் பூஞ்சை தின்றது. வலைக்கூடத்தில் செழித்த செடியில் புரதம் இல்லை. புரதம் இருந்த செடி கதிர் வைத்தும் மணி பிடிக்கவில்லை. நாகஜோதி ஒவ்வொரு முறையும் மறுநாளே மண்ணை மாற்றி அடுத்த கன்றை நட்டார். அதை விடாமுயற்சி என்று இப்போது சொல்லலாம். வெறும் பிடிவாதம் என்று அப்போது சிலர் சொன்னார்கள். பலன் தெரிவதற்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2006இல் புரதம் உள்ள மணி கைக்கு வந்தது. இனிச் சோதனை. இளங்கோழிகளில் பாதிக்கு இந்தச் சோளம், பாதிக்குச் சாதாச் சோளம். சில வாரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள். பிறகு பூட்டிய கட்டடத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நிஜமான வைரஸைக் கொடுப்பார்கள். சாதாச் சோளம் தின்றவை சாக வேண்டும். இது தின்றவை பிழைக்க வேண்டும். அப்போதுதான் காப்பாற்றியது சோளம் என்று சொல்ல முடியும். இதற்கு ஊசியே படாத கோழிகள் வேண்டும். பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரித்த உடனேயே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். நாகஜோதி நம்பிக் கேட்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது.

"குஞ்சுகளுக்கு ஊசி மட்டும் போட்டுறாதம்மா."

"சரித்தா," என்றார் பஞ்சம்மாள்.

குஞ்சுகள் வளர்ந்ததும் நாகஜோதி வந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார். எதிர்ப்பின் தடமே இல்லாமல் சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் வேன் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சோளம் கொடுத்து முடித்து மறுபடி இரத்தம் பார்த்த அன்று, சோதனைத் தட்டின் மேல் செல்வமணி குனிந்து நின்றார். எதிர்ப்பு இருந்தால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டுப்போலக் குவியும். இல்லையென்றால் மெல்லிய திரையாகப் பரவி நிற்கும்.

"பொட்டு... பொட்டு... இங்கயும் பொட்டு. நாகஜோதி, டீ சொல்லுங்க. வடையும் சொல்லுங்க."

"கீழ் வரிசையையும் பாருங்க சார்."

"பாத்துட்டேன். அங்கயும் பொட்டுதான்."

"அது சாதாச் சோளம் தின்ன கோழி சார்."

செல்வமணி நிமிர்ந்தார். "டீ மட்டும் போதும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி ஊருக்குப் போனார். பஞ்சம்மாள் குருணை இறைத்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, குஞ்சுகளுக்கு ஊசி போட்டியா?"

"போட்டேன். நீ ரத்தம் எடுத்துட்டுப் போனேல்ல, அதுக்கடுத்த சனிக்கிழம. ரத்தந்தான் எடுத்துட்டாளே, இனிமே என்னன்னு தூக்கிட்டுப் போனேன்."

"போடக்கூடாதுன்னு சொன்னேனேம்மா!"

"சொன்ன. பாடுபட்டு ஆராய்ச்சி பண்ற. அங்கன போயி கோழி செத்துச்சுன்னா ஒன்னயத்தான வைவாக? ஒன் மருந்து வேல செய்யலன்னாலும் இது காப்பாத்துமுல்ல, அதான் போட்டேன்."

"என் மருந்து வேல செய்யுதான்னு பாக்கத்தாம்மா இம்புட்டும்!"

"கோழி பொழைச்சாப் போதாதாத்தா?"

இந்த இடத்தில் பஞ்சம்மாளின் அறியாமையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் கேட்டது அறியாமையின் கேள்வி அல்ல. கோழி வளர்க்கும் எவருக்கும் கோழி பிழைப்பதுதான் முடிவு. காரணம் தெரிய வேண்டியது, நாளை வேறொருவரின் கோழியைக் காப்பாற்ற வேண்டியவருக்கு.

ஜூனில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் வருவதாக இருந்தது. செல்வமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நம்ம சோளம் தின்ன கோழிக்கு எதிர்ப்பு இருக்குன்னு மட்டும் சொன்னா, அது பொய்யில்லையே?"

"பொய்யில்ல சார். ஆனா அது ஊசியாலயும் வந்திருக்கலாம்னு நமக்குத் தெரியும்ல."

நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். வந்தவர்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். இன்னும் ஒரு பருவம் பார்க்கலாம் என்றார்கள். அதிலும் விடை இல்லையென்றால் வலைக்கூடத்தை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னார்கள்.

இந்த முறை நாகஜோதி அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். போடும் ஊசியில் இருப்பதும் உயிருள்ள கிருமிதான். பெரிய கோழிக்குப் போட்டால் கூடத் திரியும் குஞ்சுக்கும் அது தொற்றி எதிர்ப்பைக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே குஞ்சுகள் போகும்வரை ஒன்றுக்கும் போடக்கூடாது. பஞ்சம்மாள் இந்தத் தடவை "சரித்தா" என்று சொல்லவில்லை. "பங்குனி வருது," என்றார். பிறகு, "போடல," என்றார்.

2007 பங்குனியில் ஒரு காலை ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. பஞ்சம்மாள் பக்கத்து வீட்டு அய்யம்மாளின் வீட்டிலிருந்து பேசினார்.

"மேலத்தெருவுல கோழி விழுகுதுத்தா. போட்டுறவா?"

குஞ்சுகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தன. நாகஜோதி காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னாலிருந்து அய்யம்மாளின் குரல் கேட்டது: "ஒரு ஊசிக்கு இம்புட்டு ரோசனையா? படிச்ச பிள்ளைகள எதுவும் கேட்டுறக் கூடாது போல."

"வேண்டாம்மா. நான் வாரேன்," என்றார் நாகஜோதி.

மதியமே வேனோடு வந்து குஞ்சுகளை மட்டும் ஏற்றினார். தாய்க்கோழி ஒன்று வேன் சக்கரம் வரை ஓடிவந்தது. "பெரிசுகளுக்கு இப்பப் போடலாம்ல?" என்று பஞ்சம்மாள் கேட்டார். போடலாம் என்றார் நாகஜோதி. ஊசி வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அந்த ஒரு வாரத்தை நோய் கொடுக்கவில்லை.

கோழிகள் எல்லாம் போன பிறகு நாகஜோதி வந்தபோது பஞ்சம்மாள் குழியின்மேல் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். அய்யம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், முன்னமே ஊசி போட்டிருந்த அவருடைய கோழிகள் காலடியில் மேய்ந்தன.

"மக கோழிக்கு மருந்து கண்டுபிடிக்கா. ஆத்தா கோழிக்குக் குழி வெட்டுறா. நல்லாருக்குடி பஞ்சு."

"ஒன் வீட்டுக் கோழி முட்டையப் பூராம் நீயே தின்னுறாத. எனக்கு நாலு அடைக்கு எடுத்து வையி," என்றார் பஞ்சம்மாள், அவரைத் திரும்பிப் பார்க்காமலே. பிறகு மகளிடம் கேட்டார்: "குஞ்சுக நல்லாருக்கா?"

"இருக்கும்மா."

"சரி. சாப்ட்டுப் போ."

குஞ்சுகளைத் தனியறையில் வைத்து, நோய் ஏறவில்லை என்று உறுதி செய்த பிறகே சோதனை தொடங்கியது. சோளம் கொடுத்து இரத்தம் பார்த்தபோது மேல் வரிசையில் பொட்டு, கீழ் வரிசையில் திரை. வைரஸ் கொடுத்த பிறகு, சாதாச் சோளம் தின்றவற்றின் அறையை நாகஜோதி வேறு யாரிடமும் விடவில்லை. ஒவ்வொன்றாக விழுந்ததை அவரே எடுத்து வெளியே வைத்தார். அடுத்த அறையில் பாதிக்கு மேல் நின்றன. மீதி விழுந்தன.

சோளம் காப்பாற்றியது, போதுமான அளவுக்குக் காப்பாற்றவில்லை. சனிக்கிழமை ஊசி இதைவிட நன்றாகவே காப்பாற்றும், ஐஸ் உருகாத வரை. நாகஜோதி சொன்னதும் இவ்வளவுதான், இதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. புரதம் அதிகமுள்ள சோளம் வேண்டும் என்று முடிவாயிற்று. பணம் கொடுப்பவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை, தொடரச் சொன்னார்கள். செல்வமணி வடை சொன்னார்.

புதிய சோளம் விளைய மூன்று வருடம் ஆனது. 2010 மாசியில் மணி தயார். பஞ்சம்மாளும் தயாராக இருந்தார். அய்யம்மாள் கொடுத்த முட்டைகளிலிருந்து கூட்டத்தை மறுபடி பெருக்கியிருந்தார். நாகஜோதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். அடுத்த வாரம் வேன் வரும். அதற்கு முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும்.

"பெரிசுக்கும் போடல, சிறுசுக்கும் போடல," என்றார் பஞ்சம்மாள், மகள் கேட்பதற்கு முன்பே. "ஒனக்குன்னுதான் வச்சிருக்கேன். வெயிலு இந்தத் தடவ முன்னாலயே வந்துருச்சு. பெரிசுக போனாப் போகட்டும். நீ பாக்குறதப் பாரு."

நாகஜோதி ஊசிக்குழலும் பஞ்சும் வைத்திருந்த பையைத் திறக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை காலை அவர் கோழிகளைக் கவிழ்த்து மூடியிருந்த பஞ்சாரத்தைத் தூக்கி, கோழிகளையும் குஞ்சுகளையும் பிடித்துக் கூடையில் அடைத்து, பழைய சேலையால் வாயைக் கட்டினார்.

"வேன் அடுத்த வாரந்தான வருதுன்ன?" என்றார் பஞ்சம்மாள்.

நாகஜோதி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். மாட்டாஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதும்தான் பஞ்சம்மாளுக்குப் புரிந்தது. செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

"ஏத்தா, ஒன் சோளம் என்னாகுறது?"

வரிசையில் அய்யம்மாள் தன் சேவலோடு நின்றிருந்தார். நாகஜோதி அவருக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும் ஒவ்வொரு கோழியாக எடுத்து, ஊசி இறங்குவதற்கு வசதியாக இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை செல்வமணியிடம், குஞ்சுக்கு வேறு ஊர் பார்க்க வேண்டும் என்றும், அதற்கு இன்னொரு வருடம் ஆகும் என்றும் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டார். நாகஜோதி வலைக்கூடத்துக்குப் போய் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார்.