அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த இரண்டு மானிட்டர்கள்

அண்ணனின் கம்ப்யூட்டர் சுவிட்ச் என் தோளுயரத்தில்தான் இருந்தது. ஒரு விரல் போதும். அன்று ஏன் அதை நான் அணைக்கவில்லை?

அண்ணனுக்கு அந்த இரண்டு மானிட்டர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான்தான். அவன் பொறியியல் கடைசி வருடம், நான் முதல் வருடம். கல்லூரி லேபில் உட்கார்ந்து இரண்டு வாரம் விமர்சனங்களாகப் படித்தேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மூலை திரும்பி வரும் எதிரி மெதுவான திரையில் ஒரு கணம் பிந்தித்தான் தெரிவான், அதற்குள் நாம் செத்திருப்போம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அதனால் திரையின் வேகம் நூற்று நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸ். அருகருகே வைக்க வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரம், ஓரச் சட்டம் மெலிந்தது. ஒன்றில் விளையாட்டு, மற்றதில் வரைபடமும் கூட்டாளிகளின் அரட்டையும். எங்கள் மலையாள நகரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அப்பாவிடம் மட்டும், "ஒண்ணுல பாடம் ஓடும்ப்பா, இன்னொண்ணுல நோட்ஸ் எழுதலாம்" என்றேன். படிக்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று அவர் நம்பினார்.

அண்ணனுக்கு வருகைப் பதிவு போதாது, பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியிலிருந்து போன் போனபோது அப்பா கடையில் இருந்தார். நடுமத்தியானத்தில் வீட்டுக்கு வந்தார். கையில் கடைச் சுத்தியல், பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காதது. அண்ணன் விளையாடிக்கொண்டிருந்த அறையின் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "இதானா மக்களே, நீ சொன்ன நோட்ஸு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முதல் அடி விழுந்தது.

கண்ணாடி சிதறும் என்று நினைத்தேன். சிதறவில்லை. திரை குழிந்து, மை கொட்டியது போல் கறுப்பு பரவியது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா குழம்பிப்போய் மறுபடியும் அடித்தார், மறுபடியும். அண்ணன் சிரித்துவிட்டான்.

"அது வெறும் திரைப்பா. கேம் கீழ பெட்டியிலயாக்கும் ஓடுது, கேட்டோ."

அப்பா இரண்டாவது திரையையும் அடித்தார். அப்போதும் ஸ்பீக்கரில் ஒரு கூட்டாளி மலையாளத்தில், "எடா, நீ சத்தோ?" என்றான். செத்துட்டியா என்று கேட்கிறான்.

அண்ணனின் வலது கை இன்னும் மவுஸின் மேல் இருந்தது. அடுத்த அடி அந்தக் கையின்மேல் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். அவன் அலறிக்கொண்டே இடது கையால் ஒரு மானிட்டரைத் தாங்கியோடு பிடுங்கி அப்பாவின் முகத்தில் வீசினான். புருவம் பிளந்து, வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. இருவரும் தரையில் புரண்டார்கள். நடுவில் விழுந்து விலக்கிய அம்மாவின் உதடு யாருடைய முழங்கையிலோ பட்டுக் கிழிந்தது. "அந்தச் சனியனை நிறுத்துடீ!" என்று இரத்தம் தெறிக்க என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் நிறுத்தவில்லை. "மேட்ச் நடக்கும்போது சுவிட்சுல கை வச்சேன்னா ரேங்க் போயிரும், கொன்னுருவேன்" என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தான். அந்த நேரத்திலுமா அதற்குக் கீழ்ப்படிந்தேன்? பயத்தில் கை எழவில்லையா? சில நாட்களில் இன்னொன்றும் தோன்றுகிறது: அந்தச் சத்தம் நின்றிருந்தால் அப்பா திரும்பி என்னிடம் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டிருப்பார்.

அண்ணனின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அப்பாவுக்கு ஒரு கண் மங்கல். என் கல்யாணத்தில் மேடையின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். விரல்களைப் பற்றிக் கேட்ட கணவரிடம், கடை ஷட்டரில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதே நகரின் ஐ.டி. பகுதியான கழக்கூட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு மென்பொருள் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்ய இரண்டு மானிட்டர்கள் வேண்டுமாம், அதில் ஒன்று வளைந்த திரை. "ஆபீஸ் வேலைக்கும் ஆச்சு, கேமுக்கும் ஆச்சு. நீயே பாத்து எடு, ஒனக்குத்தான் இதெல்லாம் கரெக்டா தெரியும்" என்கிறார். அவர் சாது. லேப்டாப்பில் கேம் ஆடித் தோற்றால் மேசையை இரண்டு குத்து குத்துவார், பிறகு சிரித்துக்கொண்டே தேநீர் போட எழுந்துவிடுவார். ஆனால் அந்த நேரமெல்லாம் எங்கள் நான்கு வயது மகன் அவர் மடியில் இருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெற்றியில் எவர்சில்வர் தம்ளரால் அடித்தான். மூன்று தையல். அடித்துவிட்டுக் குனிந்து, "சத்தோ?" என்று கேட்டான். "குட்டிகளல்லே, சாரமில்ல" என்று, பிள்ளைகள்தானே, பரவாயில்லை என்கிற பொருளில் அந்தத் தாய் சொன்னாள். மறுநாளிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவு எங்களுக்குத் திறப்பதில்லை.

விளையாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அப்பா வாழ்நாளில் ஒரு கேம்கூட ஆடியதில்லை. அப்படியானால் இந்த அடிக்கிற குணம் எங்கள் கையிலேயே இருக்கிறதா? நான் பயப்படுவது திரைக்கா, என் பிள்ளைக்கா? கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொன்னால், வாரந்தோறும் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் என் அப்பாவை அவர் இனி எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் மறுபடியும் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மானிட்டர் தேர்ந்தெடுக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் மாடலைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். எது நல்ல திரை என்பதை நானே கண்டுபிடித்துக்கொள்வேன். வீட்டில் இரத்தத்தைப் பார்த்து வளர்ந்து, பிறகு பிள்ளை பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள்: உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ அதைச் சொல்ல, எந்த வாக்கியத்தில் தொடங்கினீர்கள்?