டி-யில் இருந்த பதினான்கு கடிதங்கள்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஆறு வருடம் தட்டெழுதினேன். தொலைபேசி இரண்டு, போட்டோ கொப்பி மெஷின் ஒன்று, பக்கத்தில் என் கொம்பியூட்டர். உண்மையில் அது முதலாளியுடையது. ஆனால் அதைத் துடைப்பதும் திட்டுவதும், அது நின்றுபோனால் சாப்பாடு இறங்காமல் கிடப்பதும் நான்தான். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் ஆட்களுக்கு ஏதாவது ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டபடியே இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் சொல்வதைத் தமிழில் தட்டி, அதன் கீழே சிங்களத்திலும் தட்டிக் கொடுப்பேன்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மகன் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்தவன். ஒரு சோதனையில் பிடித்துக்கொண்டுபோய் ரிமாண்டில் வைத்திருந்தார்கள். அவனுக்காகப் பதினான்கு கடிதம் எழுதியிருந்தோம். கொப்பி ஒன்றைக்கூட அந்த அம்மா லயத்து வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். வீடு வீடாகச் சோதனை நடந்த காலம், அப்படிப்பட்ட காகிதத்தை வைத்திருக்கவே பயம். "ஒங்க பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும் புள்ள" என்பார்.

பெட்டியோ கிழடு. அதில் இருந்தது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை லேசில் படிக்காது. படித்தாலும் வைரஸ் பிடித்துப் படுத்துவிடும். பழுது பார்க்கக் கண்டியிலிருந்து வருபவர், வட்டின் முதல் பாதியான சீ-யை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போடுவார். போகும்போது, முக்கியமானதையெல்லாம் மற்றப் பாதியான டி-யில் வையுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போவார். முதலாளிக்கு அது வேதவாக்கு. டி என்றால் அவருக்குச் சாமியறை மாதிரி.

அந்தச் சமயத்தில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸின் சீடீ ஒன்று என் கைக்கு வந்தது. டி இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் பென் டிரைவ் வேலைகளையெல்லாம் வைரஸ் பயமில்லாமல் அதில் பார்க்கலாம். எங்கள் எழுத்துருக்களும் பிரிண்டரும் பழகிய விண்டோஸைத் தட்டெழுத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். ஓர் உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும் என்று முதலாளி முணுமுணுத்தார். செய்து காட்டுகிறேன் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை டி-யில் இருந்த எல்லாவற்றையும் சீ-க்கு நகர்த்தினேன். திங்கள் காலை சீடீயைப் போட்டு உட்கார்ந்தேன். எதையும் திருத்துவதற்கு முன்னால் இருப்பதைக் குறித்துவை என்பது தட்டெழுத்து வகுப்பில் பழகிய பழக்கம். டி எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். சீ-யை மட்டும் இன்னொரு தடவை பார்க்கவில்லை. டி-யை நீக்கினேன்.

லினக்ஸைப் போடத் தொடங்குமுன் தொலைபேசி அடித்தது. அந்த அம்மா. புதன்கிழமை வழக்காம், எழுதிய எல்லாக் கடிதத்தையும் வக்கீல் கேட்கிறாராம். நாளைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விண்டோஸைத் திறந்தேன். சீ-யில் கடிதங்கள் இல்லை.

முதலாளி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அதெல்லாம் சீ-யில கெடந்துச்சு புள்ள. நேத்து நாந்தான் பாத்து, திரும்ப டி-யில பத்திரமா போட்டேன்."

நான் காலையில் நீக்கியது அந்த டி-யைத்தான். முதலாளியிடம் கத்தினேன், கண்டிக்காரரைத் திட்டினேன். என்னையும் திட்டிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பதினான்கு கடிதமும் அந்தத் தாயின் தலையிலிருந்து நான் இறக்கி வைத்தவை, திரும்பச் சொல்லச் சொல்வதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆத்திரம் அடங்கியபிறகுதான் மூளை வேலை செய்தது. டி-யை நீக்கியபோது நான் பிடுங்கியது வேலியை மட்டும்தான். நிலத்தில் இன்னும் ஏர் இறங்கவில்லை. வேலியைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கத்தானே வேண்டும்? மறுபடி சீடீயைப் போட்டு, காகிதத்திலிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். மெஷினை நிறுத்திப் போட்டேன். டி திரும்பி வந்திருந்தது. திறந்தால், இந்த வட்டு வெறுமையாக இருக்கிறது, புதிதாக ஒழுங்கு பண்ணவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆம் என்றால் எல்லாம் அழிந்துபோகும். கொம்பியூட்டர் எதைக் கேட்டாலும் முதலாளியின் பதில் என்டர்தான். பக்கத்தில் வந்து நின்றவரின் விரல் அதற்குப் போய்விட்டது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆண்பிள்ளை என்று ஆறு வருடத்தில் தேநீர்க் கோப்பையைக்கூட அவர் கையில் கொடுத்ததில்லை, மேசையில்தான் வைப்பேன். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டு, "நீயே பாரு" என்றார்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். அவசரத்தில் கிறுக்கிய ஒன்று என்ற இலக்கத்தை ஏழு என்று தட்டியிருந்தேன். திருத்தினேன். இந்தத் தடவை கதவு திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினான்கும் இருந்தன.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கண்டியிலிருந்து ஆள் வராமல், யாரையும் கேட்காமல், நானே தொலைத்து நானே மீட்டேன். எல்லாவற்றையும் அன்றைக்கே அச்செடுத்து, மறுபடி சீ-க்கும் நகர்த்தினேன். மறுநாள் அந்த அம்மா கடிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான் லினக்ஸ் பக்கம் போனேன். முதலாளியை மெஷினுக்குப் பக்கத்தில் விடவில்லை. மாலைக்குள் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வந்து, எது வேண்டும் என்று கேட்டது. அடுத்த வாரமே முதலாளி அதைத் தானே செய்ததுபோல வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து அந்த அம்மா மகனோடு வந்தார். விட்டிருந்தார்கள். மெலிந்து போயிருந்தான். கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்றான். திறந்து கொடுத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், பதினான்கையும் நின்றபடியே வாசித்தான். கடைசிக் கடிதத்தில் வெகுநேரம் நின்றான்.

"அக்கா, இதெல்லாம் அம்மா சொன்னதா, இல்ல நீங்களா எழுதினீங்களா?"

"அம்மா சொன்னது. நான் ஒரு சொல்லும் சேக்கல."

அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். எழுத்துத் தெரியாத அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சொல்கூடக் குறையவும் இல்லை என்று சொல்ல வந்தவள், அவனுக்கென்று பதினான்கையும் இன்னொரு தடவை அச்செடுக்கத் தொடங்கினேன்.