அத்தையின் காலுக்கு ஒரு ஷூ

எல்லோர் காலிலும் எலும்பு இருக்கிறது. அத்தையின் எலும்பு மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல் தொடங்கும் இடத்தில், சின்ன எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஒரு புடைப்பு. அந்தத் தள்ளலில் கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்தே கிடக்கும். டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, அதனால் எலும்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை. சித்தூரில் எங்களோடுதான் இருந்தாள். பட்டை தளர்ந்த பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு மாம்பழக்கூழ் ஆலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிய வரைக்கும், அந்த எலும்பும் அவளும் சமாதானமாகத்தான் இருந்தார்கள். திருப்பதியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்ததும்தான் வம்பு வந்தது.

மடிப்புக் கலையாத சேலை, இறுக்கிய கொண்டை, கொஞ்சம் குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூ. இதுதான் ஓட்டலின் கட்டளை. நாள் முழுக்க நின்றபடி சிரிக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடி லேபிள். எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருப்பதிக்கு வேலைக்குப் போன முதல் பெண் அத்தைதான். அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது, காலையில் கண்ணாடி முன் நின்று “வெல்கம் சார்” என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டாலே தெரியும்.

ஷூ தேடும் படலம் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு கடை கடையாகப் போகும் வேலை எனக்கு. சித்தூரில் ஒரு கடை பாக்கியில்லை. திருப்பதியிலும் ஏறி இறங்கினோம். கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலப் பேசினார்கள். “போடப் போடச் சரியாயிடும் மேடம்.” அதை நம்பி ஒரு ஜோடி வாங்கினாள். கூர்மூக்கும் தங்க வளையமும் வைத்த அழகான ஷூ. ஒரு மாதம் போட்டும் ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தையின் தோல்தான் உரிந்தது.

அகலமான ஷூ கிடைக்காமல் இல்லை. கிடைத்ததை ஒருமுறை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தாள். “இத்த போட்டுக்கினு நின்னா எங்கிட்ட யாரு ரூம் கேப்பாங்க? எந்த ஆஸ்பத்திரில கட்டு போட்டாங்கன்னுதான் கேப்பாங்க” என்று கழற்றி வைத்துவிட்டாள். நைனாவின் ஆபீஸ் ஷூவைக்கூட ஒரு நாள் போட்டுப் பார்த்தாள். எலும்புக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று, வீட்டுக்குள் குதிரை வந்த மாதிரி சத்தம் கேட்டது.

மூன்றாவது மாதக் கடைசியில் அத்தை நொண்ட ஆரம்பித்தாள். சிரித்தால் பல்வலிக்காரி சிரிக்கிற மாதிரி இருந்தது. மேனேஜர் கூப்பிட்டு, வருகிற விருந்தாளிகள் பயந்துபோகிறார்கள், திங்கட்கிழமை முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அத்தை சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அத்தைக்கு வேலை போனால் மாதக் கடைசியில் அவள் வாங்கி வரும் பால்கோவாவும் போகும் என்பது என் கவலையில் பாதி.

“ஞாயித்துக்கிழம மலைக்குப் போலாம், நடந்தே ஏறலாம். அப்புறம் அவன் விட்ட வழி” என்றார் நைனா.

அடிவாரத்தில் ஒரு தேங்காய்க் கடைக்கார அம்மா தெரிந்தவர். எங்கள் செருப்புகளை அவர் கடைப் பலகைக்கு அடியில் விட்டோம். அத்தையின் ஷூ மட்டும் விலை கூடியது என்பதால், ஜவுளிக்கடைப் பை ஒன்றில் சுற்றிக் கொடுத்தாள். மலைக்கு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். வெறுங்காலில் எங்கள் அத்தையைப் பிடிக்க ஆளில்லை. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, அவள் படிகளில் ஓடினாள். மேலே நின்று கையை ஆட்டி எங்களைக் கிண்டல் செய்தாள். ஷூ இல்லாத ஓட்டல் என்று ஒன்று இருந்திருந்தால் அத்தைதான் அங்கே முதலாளி.

தரிசனம் முடிந்து பஸ்ஸில் இறங்கி வந்தோம். காலணிகளை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். கடைக்கார அம்மா பலகைக்கு அடியிலிருந்து எங்கள் செருப்புகளைத் தள்ளினார். பிறகு ஒரு பையைத் தூக்கிக் காட்டி, “இதானா பாரு பாப்பா” என்றார். என் கண் எதிர்ப்பக்கம் வேர்க்கடலை வேகும் பாத்திரத்தின் மேல் இருந்தது. அதே ஜவுளிக்கடைப் பைதானே என்று தலையை ஆட்டினேன். அந்த ஆடித் தள்ளுபடியில் ஜில்லாவில் பாதிப் பேர் கைக்கு அதே பை வந்து சேர்ந்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து அத்தை ஷூ போட்டாள். அவள் ஷூ போடுவதற்கு ஒரு முறை உண்டு. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே தள்ளுவாள். அன்றும் அப்படியே தள்ளினாள். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அடுத்த காலும் போனது. அத்தை கண்ணைத் திறக்கவே இல்லை.

“அண்ணா, வலிக்கல. எலும்பு போயிடுச்சி. சாமி எடுத்துட்டாரு!” என்றாள்.

நைனா அங்கேயே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற யாரோ இருவர் விவரம் தெரியாமலே கோவிந்தா போட்டார்கள். நானும் போட்டேன். அதற்குப் பிறகுதான் அத்தை கண் திறந்து குனிந்து பார்த்தாள். எலும்பு அங்கேயே இருந்தது. ஷூதான் வேறு. அதுவும் கறுப்பு, அதுவும் பளபளப்பு, அளவான குதிகால். பக்கவாட்டில் மட்டும் எலும்புக்கு இடம் விட்டு மெத்தென்று விரிந்திருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி.

“யாருதோ மாறிப்போச்சி” என்றாள் அத்தை, அழுகிற குரலில்.

நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாமி இந்த வழியாகவும் கொடுப்பார் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அம்மா விடவில்லை. மலையில் செருப்பு தொலைந்தால் தொலைத்தவரின் பீடை தொலைந்தது என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். “அப்ப எடுத்துக்கினு போறவங்களுக்கு இன்னா வரும்? அடுத்தவங்க பீடைய கால்ல மாட்டிக்கினு வூட்டுக்கு வராத” என்றாள். அத்தை எழுந்தாள். பஸ் ஸ்டாப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை நடந்தாள். மூன்று மாதத்தில் நான் பார்க்காத நடை. திரும்பி வந்து, “வா, குடுத்துட்டு வரலாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நைனாவும் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். கடையில் ஒரு பெரிய ரகளை. ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, அத்தையின் கூர்மூக்கு ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தார். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, காலைத்தான். அதே எலும்பு, இரண்டு காலிலும்! அத்தையும் பார்த்தாள், அவரும் தன் ஷூவுக்குள் அளவாகப் பொருந்தியிருந்த அத்தையின் காலைப் பார்த்தார். சண்டைக்குத் தயாராக இருந்தவர் சிரித்துவிட்டார்.

பலமனேரில் ஸ்கூல் டீச்சர் என்று சொன்னார். நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்தும் வேலை. இருவரும் பலகையில் உட்கார்ந்து, பிரிந்த அக்கா தங்கை மாதிரி காலை நீட்டிக் காட்டிப் பேசினார்கள். அவர் ஷூவுக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருந்தது. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி முடிந்து, ஷூவின் முன்பக்கத்தில் திணித்து, ராத்திரி ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் ஐஸாகும்போது உப்பி, தோலைத் தள்ளும். ஒரே நாளில் நடக்காது, பொறுமையாகப் பல ராத்திரிகள் செய்ய வேண்டும். “எங்க வூட்டுக்காரரு ஐஸ் எடுக்கப் போயி ஷூவப் பாத்துட்டு, எனக்குப் பைத்தியம் புடிச்சிப்போச்சின்னு எங்கம்மாவுக்கு போன் பண்ணிட்டாரு” என்றார். தேங்காய்க் கடைக்கார அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேங்காய் உருண்டது.

அத்தை ஷூவைக் கழற்றப் போனாள். அவர் திங்கட்கிழமைக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அத்தையின் கையைத் தடுத்தார். “பரவாலேது, நீயே வெச்சிக்கோ. என்து மலையில தொலைஞ்சிப்போச்சி, அவ்ளோதான். என் பீடை வுட்டுச்சி.” என் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார். “பயப்படாதம்மா. ஷூல இருக்கறது பீடை இல்ல, என் கால் அச்சு.”

அத்தை எவ்வளவோ மறுத்தாள். “என்கிட்ட வூட்ல இன்னொரு ஜோடி கீது” என்று சொல்லிவிட்டு, டீச்சர் வெறுங்காலோடு பலமனேர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார். வெயிலில் ரோடு கொதித்தது. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பீடை போனதில்தான் அந்த டீச்சர் அப்படி எட்டி எட்டிக் குதித்துப் போகிறார் என்று நினைத்தேன். அத்தையிடம் சொல்லவும் செய்தேன். அவள் ஏனோ குனிந்து தன் காலில் இருந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அத்தை சிரித்தபடி நின்றாள், வேலை நிலைத்தது. இன்று அதே ஓட்டலில் யார் என்ன ஷூ போட வேண்டும் என்று முடிவு செய்பவளே அவள்தான். அகலமான கறுப்புச் செருப்பும் செல்லும் என்று விதியை மாற்றியிருக்கிறாள்.

எலும்பு எனக்கும் வந்துவிட்டது, நைனா வழிச் சொத்தாக. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, அங்கேயும் மூடிய ஷூதான். போனில் தேடித் தேடி வாங்கியதில் அலமாரி நிறைய டப்பாக்கள் இருக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்து வைத்து என் காலுக்கு வந்தது ஒரே ஒரு ஜோடிதான். அதை என் கூடப் பிறந்தவளுக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன். இப்படிப்பட்ட காலுக்கு இன்னொரு ஜோடி என்று ஒன்று இருக்காது. அந்த டீச்சர் மறுநாள் எதை மாட்டிக்கொண்டு வகுப்பில் நின்றார் என்று, அன்று வேர்க்கடலை தின்றுகொண்டே வீடு திரும்பிய எனக்குத் தோன்றவே இல்லை.