பாட்டு முடிந்ததும் பேர் சொல்லணும்

வானொலி நிலையத்தின் முதல் மாடி நடையில் ஒரு மர பெஞ்சு உண்டு. இசைத்தட்டுகளின் பட்டியலைக் கணினியில் ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவன், அதாவது இதை எழுதுகிறவன், அதில் உட்கார்ந்திருந்தான். தன் குடும்பத்துக்கே முதன்முதலாக வந்து சேர்ந்த பட்டச் சான்றிதழ் எங்கே மடங்கிவிடுமோ என்று அதைப் பச்சைப் பிள்ளைபோல மடியில் கிடத்தியிருந்தான். எதிர் அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை. அடுத்திருந்த கை கழுவும் இடத்தில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், நாற்பதை நெருங்கும் ஒருவர் குழாயடியில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். தண்ணீருக்குக் காத்துக் கிடந்தே வளர்ந்த கை சும்மா இருக்குமா? போய்க் குழாயை மூடிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். "ஏன் மூடினீங்க? பாட்டு பாஸாகப் போற நேரத்துல."

குழாய்க்குக் கீழே வாளி இருந்ததும், அந்தத் தண்ணீர் மாடிச் செடிகளுக்குப் போகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. யாரும் பாட்டைக் கைகட்டி உட்கார்ந்து கேட்பதில்லை என்பது அவர் வாதம். பாத்திரம் தேய்த்துக்கொண்டு, குழந்தையை அதட்டிக்கொண்டு, அடுத்த அறையிலிருந்துதான் கேட்கிறார்கள். அதனால் புதிதாக வரும் எந்தப் பாட்டையும் அவர் மூன்று தடவை கேட்பார்: அறைக்குள் ஒரு முறை, கதவைச் சாத்திவிட்டு நடையில் ஒரு முறை, குழாயைத் திறந்துவிட்டு ஒரு முறை. தண்ணீரைத் தாண்டி வந்து காதைப் பிடிக்கிற பாட்டுக்குத்தான் நிகழ்ச்சியில் இடம்.

நிலையத்தில் அவருக்குப் பெயர் ஊசி. இசைத்தட்டு அறைக்குத் தூசி தட்டுகிற வேலைக்கு வந்தவர். தட்டிய ஒவ்வொரு தட்டையும் போட்டுக் கேட்டு, தேர்வெழுதி, அந்த அறைக்கே பொறுப்பாளர் ஆனார். பதினோராயிரம் தட்டுகளில் எது எந்த அடுக்கில் என்று கேட்டால், தன் வயல் வரப்பைச் சொல்வதுபோலச் சொல்வார். பெயர் வந்ததற்குத் தட்டின்மேல் ஓடுகிற ஊசி ஒரு காரணம். நாக்கு இன்னொரு காரணம் என்பார் ஒலிப்பதிவுப் பொறியாளர். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஊசியின் மனைவியோ, இந்த மனிதரின் காதை மட்டும் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் போதும், மீதி ஆள் வீட்டில் இருந்தும் இல்லாத கணக்குத்தான் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஆறு வரை 'முன்னும் பின்னும்' என்று ஒரு நிகழ்ச்சி. அறிவிப்பாளர் வாசிப்பார். எழுதுவது, தேடுவது எல்லாம் ஊசி. முன்பாதியில் பாட்டுலகத்தின் பழைய சங்கதி ஒன்று வரும். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குமேல் இடம் கிடையாது, அதனால் பாட்டே மூன்று நிமிடமாக உடம்பைக் குறுக்கிக்கொண்ட கதை. மைக் வந்த பிறகு, தொண்டை கிழியப் பாடத் தேவையின்றி, மெல்லிய குரல்காரர்களுக்கும் வாழ்வு வந்த கதை. பின்பாதியில், தானே எழுதித் தானே பாடுகிற புது ஆள் ஒருவரின் பாட்டு. மாடிக்கு ஒன்றாகப் பாட்டு வைத்திருந்த ஒரு லிஃப்ட் ஓட்டுபவர் அப்படித்தான் வந்தார். ஒரே பெண்ணைப் பற்றிப் பதினாறு பாட்டு எழுதி, பதினேழாவதில் அவளைத் திட்டியிருந்த கால்நடை மருத்துவமனை ஊழியரும் வந்தார். குழாயைத் தாண்டியது அந்தப் பதினேழாவதுதான்.

புது ஆட்களிடம் ஊசி ஒரு நிபந்தனை வைப்பார். பாட்டு முடிந்ததும், நிறுத்தாமல், பாடியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத் தட்டுகளில் பாடகர்கள் அப்படிச் சொன்னார்கள். பதிந்த மெழுகுத்தட்டு கப்பலேறி எங்கோ தூரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அதனால் கடைசியில் பேர். பாடிய மூச்சு அடங்குவதற்குள் அவசரமாக வந்து விழும் அந்தப் பேர்தான், முழுப் பாட்டையும்விட ஊசிக்குப் பிடித்தது. பத்திரத்தில் ரேகை வைத்த மாதிரி இருக்கும் என்பார்.

பொத்தான் அக்காவும் அப்படித்தான் ஒருநாள் வந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகச் சட்டைக்குப் பொத்தான் தைப்பவர். வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கை குடும்பத்தோடு இருந்தார். பொத்தான் என்பது பட்டறையில் வைத்த பெயர், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. இயந்திரம் தடதடக்கிற தாளத்துக்கே வாய்க்குள் பாட்டுக் கட்டுவாராம். மாடிப்படியில் நின்று தங்கை மகளின் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்திருந்தார். குழாய்ச் சோதனையில் இப்படிக் கேட்டது:

நாலு கண்ணு எனக்கிருக்கு, பாக்கத் தெரியாது
நாளைக்கு எந்த நெஞ்சு மேல, கேக்க முடியாது
நூலு போன பாதையில நானும் போறேனே
நூறு பேரு சட்டையில நானும் வாழ்றேனே

கடைசியில், மூச்சு வாங்க: "பாடினது பொத்தான்."

ஊசி குழாயை மூட மறந்துபோனார். வாளி நிரம்பி, நடையெல்லாம் வழிந்து, துப்புரவு செய்யும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊசியும் பொத்தானும் சேர்ந்தாச்சு, இனி நூல் மட்டும்தான் பாக்கி, சட்டையே தைத்துவிடலாம் என்றார் பொறியாளர்.

அந்த வாரத்துப் பழைய சங்கதியாக, பேர் சொல்கிற தட்டுகளின் கதையையே எழுதினார் ஊசி. அதற்கென்று பதினான்காம் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். நடுவில் பேர் அச்சிட்டு ஒட்டிய மேல்தாள் உரிந்துபோய், யார் பாடியதென்றே தெரியாத ஒரு பெண்குரல். பாட்டின் முடிவில் அவள் பேர் சொல்கிற இடத்தில் சரியாக ஒரு கீறல். பேர் கரகரப்பில் போய்விட்டது.

இங்கேதான் சனி பிடித்தது. ஒலிபரப்புக் குறிப்பில் ஊசி எப்போதும் புது ஆளின் பாட்டைத்தான் முதல் வரியில், சிவப்பு மையில் எழுதுவார். புதிதாக வந்த விருந்தாளியை முதலில் உட்கார வைக்கிற மரியாதை. இரண்டாம் வரியைத்தான் முதலில் போட வேண்டும் என்பது பொறியாளருக்குத் தெரியும். அந்த ஞாயிறு அவர் விடுப்பு. மாற்றாக வந்தவர், முதல் வரி என்றால் முதலில் என்று எல்லோரும் நினைப்பதையே நினைத்தார். மேல்தாள் இல்லாத, பாடியவர் யாரென்று தெரியாத மிகப் பழைய தட்டு இது என்று அறிவிப்பாளர் வாசித்து முடித்ததும் வந்தது பொத்தான் அக்காவின் பாட்டு. படிக்கட்டு எதிரொலியும் கைப்பேசி இரைச்சலும் சேர்ந்து, அதுவும் பழசுபோலத்தான் ஒலித்தது. அறிவிப்பு நீண்டுபோயிருந்ததால் ஆறு மணிச் செய்திக்கு நேரமாகிவிட்டது. பேர் வருகிற இடத்தில் ஒலியை இறக்கிவிட்டார்கள். இரண்டாவது பாட்டு வரவே இல்லை.

ஊசி அப்போது வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தன் நிகழ்ச்சியை அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பது. குழாய்ச் சத்தத்தில் அறிவிப்பு காதில் விழவில்லை, பாட்டு மட்டும் விழுந்தது. தண்ணீரைத் தாண்டி வந்தது. மனம் குளிர்ந்து குழாயை மூடினால், செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நிலைய இயக்குநர் அவரைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். பதினேழு தொலைபேசி அழைப்புகள். அந்தப் பாட்டைச் சின்ன வயதில் கேட்டிருப்பதாக எல்லோரும் சொன்னார்களாம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன் தாயார் தலைவாரிவிடும்போது பாடியது என்று சொன்னாராம். இன்னொருவர் தங்கள் கல்யாண ஊர்வலத்தில் வாசித்தது என்றாராம். தொலைந்த பாட்டு என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சியே செய்துவிடலாம் என்றார் இயக்குநர். என்ன நடந்தது என்று ஊசிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

இயக்குநர் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, பதவி கண்ட பயம். "பதினேழு பேருகிட்டப் போய், உங்க ஞாபகம் பொய்னு சொல்லச் சொல்றீங்களா? அந்த அம்மாவோட வேற பாட்டு ஒண்ண அடுத்த மாசம் போடுங்க. இதை விடுங்க."

ஊசி விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. தட்டு அறைக்கு வந்து இரண்டு நாள் அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பகல் ஷிப்ட் முடித்த கையோடு பொத்தான் அக்கா வந்து நின்றார். சத்தம் போடவில்லை. கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு வைத்து வானொலி கேட்டிருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும், அது பழசில்லை, தான் கட்டியது என்று அக்கா சொல்லிப் பார்த்தாராம். வானொலிக்காரன் பொய்யா சொல்வான் என்று தங்கை வீட்டுக்காரர் சிரித்தாராம். திங்கட்கிழமை பட்டறையில், பழைய பாட்டைத் திருடின பாட்டுக்காரி வந்துட்டா என்று ஒருத்தி பாதையை விட்டு ஒதுங்கி நின்றாளாம்.

"அதெல்லாம் விடுங்க தம்பி. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. சின்ன வயசுல எங்கயாவது காதுல விழுந்து, நான்தான் கட்டினேன்னு நெனச்சுக்கிட்டேனோ? நெஜமாவே அது பழைய பாட்டா?"

ஊசி பதினான்காம் அடுக்குத் தட்டை எடுத்து வைத்து ஓடவிட்டார். வேறு மெட்டு, வேறு சொல். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முடிந்து, அந்தப் பெண் அவசரமாக ஏதோ சொன்னாள். கீறல் அதைத் தின்றது.

"என்ன சொல்றாங்க?"

"பேர்."

"இவங்களோடதும் போச்சா?" என்றார் அக்கா. "முப்பது வருஷமாப் பொத்தான் வெக்கிறேன் தம்பி. ஒரு சட்டையிலயும் என் பேர் கிடையாது. அதுக்கு நான் அழுததில்ல. இது ஒண்ணுக்குத்தான் நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு பேர் சொன்னேன்."

அவரைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஊசி நேரே இயக்குநர் அறைக்குப் போனார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மேசையில் வைத்தார். தவறு என்று எழுத்தில் பதிவாகிவிட்டால் விதிப்படி நிகழ்ச்சி நிற்கும் என்று இயக்குநர் நினைவூட்டினார். ஊசிக்கும் அது தெரியும். ஒன்பது வருட நிகழ்ச்சி.

"எடுத்துக்கங்க சார். வர்ற ஞாயித்துக்கிழமை அரை நிமிஷமும் அந்தப் பாட்டும் மட்டும் எனக்குக் குடுங்க."

பதினோராயிரம் தட்டுகளின் நடுவே வாழ்ந்தவர் ஒருநாளும் மைக் முன் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தபோது கையிலிருந்த தாளின் சத்தம் மைக்கில் ஏறியது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த பொறியாளர், தாளை மேசையில் வை என்று சைகை காட்டினார்.

"போன வாரம் பழைய தட்டுன்னு நீங்க கேட்டது பழசு இல்ல. மூணு மாசத்துக்கு முன்னாடி கட்டின பாட்டு. எழுதினதும் பாடினதும் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற ஒரு அக்கா. முன்னமே கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொன்னவங்க மேல தப்பில்ல. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்துச்சு, நல்ல பாட்டு சொந்தக்காரங்க மாதிரித்தான் வீட்டுக்குள்ள வரும். குறிப்பை மாத்தி எழுதினது நான். இப்ப பாட்டு வரும், கடைசி வரைக்கும் கேளுங்க. தப்புப் பண்ணினவன் பேரு ஊசி."

பாட்டு வந்தது. முடிந்ததும் பேரும் வந்தது, முழுசாக. அன்று வீட்டில் பாத்திரம் கழுவ ஆளில்லாமல் மனைவியே கழுவினாராம். ஆனால் பாட்டு முடிகிறவரை குழாயைத் திறக்கவில்லை என்று ஊசியிடம் சொன்னபோது, அவர் ஈரத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாராம்.

இந்தத் தடவை ஆறு அழைப்புகள்தான். நான்கு பேர் கோபப்பட்டார்கள். ஒரு பெண் பாட்டின் வரிகளை எழுதிக்கொள்ளத் திரும்பச் சொல்லக் கேட்டாள். தபால்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. வானொலிக்காரர்களுக்கு என்ன தெரியும், தன் தாயார் பாடியது தனக்குத் தெரியாதா என்று போனை வைத்துவிட்டாராம்.

சொன்னபடியே 'முன்னும் பின்னும்' நின்றுபோனது. அந்த அரைமணியில் இப்போது சமையல் குறிப்பு வருகிறது. அரை வருடம் கழித்து, புதன்கிழமை வானிலை அறிக்கைக்கு முன்னால் ஐந்து நிமிடத்தை ஊசிக்கு ஒதுக்கினார் இயக்குநர். பழைய சங்கதிக்கு அதில் இடமில்லை, ஒரு புதுப் பாட்டும் ஒரு பேரும் மட்டும். குறிப்புத் தாளில் இப்போது ஒரே வரிதான், அதையும் சிவப்பிலேயே எழுதுகிறார். பதினான்காம் அடுக்குத் தட்டு அதே இடத்தில் இருக்கிறது. இதை எழுதுகிறவன் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது, பாடியவர் என்ற கட்டத்தை வெறுமையாக விட வேண்டாம், 'பேர் சொல்லியிருக்கிறார், நமக்குக் கேட்கவில்லை' என்று போடச் சொன்னார் ஊசி. அப்படியே போட்டாயிற்று.

பொத்தான் அக்கா அதே தொழிற்சாலையில் அதே இயந்திரத்தில் இருக்கிறார். இதுவரை ஏழு பாட்டு கட்டி, நான்கைக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று பாஸாகி ஒலிபரப்பாகிவிட்டன. நான்காவது குழாயைத் தாண்டவில்லை. அதை ஊசி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அக்கா அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.