மோட்டார் ரூம் கதவுக்கு வெளியே

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாணமாகி மாரண்டஹள்ளிப் பக்கம் வந்த நாளிலிருந்து எந்நேரமும் தனியாகத்தான் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன், ஒன்றும் என்னைப் பிடித்ததில்லை. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

போன கோடையில் ஒரு சாயங்காலம். எங்கள் வாழைத்தோட்டத்தில் தார் தள்ளிய மரங்களுக்கு நானும் ரத்னம்மா அக்காவும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா பக்கத்துக் காட்டுக்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள், எனக்குச் சொந்த அக்கா மாதிரி. கோடை மழைக்கு முன்னால் காற்று வருவது இங்கே புதிதில்லை, கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். அன்று ஓசூர்ப் பக்கம் வானம் முழுக்கக் கறுப்பாக ஒரு பட்டை, அதற்குக் கீழே செம்மண் புழுதி சுவர் மாதிரி எழுந்து வருகிறது. பறவைச் சத்தமே இல்லை.

"மல்லிகா, இது சும்மா காத்து இல்ல கண்ணு, வா போயிரலாம்" என்றாள் அக்கா. வீட்டுக்கு ஓட நேரமில்லை. மோட்டார் ரூமுக்குள் புகுந்தோம். சிமெண்டுக் கல் சுவர், கான்கிரீட் கூரை, வெளிப்பக்கம் திறக்கிற தகரக் கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதுதான், காற்று அடித்த முதல் அடியிலேயே தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போனது. காற்று கதவை வெளியே இழுக்கிறது, நான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைச் சுவரில் ஊன்றித் தொங்குகிறேன். வாழை ஒடிகிற சத்தம் உள்ளே கேட்டது. ஒரு வருஷப் பாடு. எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்தக் காற்றைத் திட்டினேன், என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. கை மரத்து, இனி விட்டுவிடுவேன் என்கிற நிலையில், நம்பினால் நம்புங்கள், கதவு இழுப்பது நின்றது. காற்று நிற்கவில்லை, அதன் கத்தல் அப்படியே இருக்கிறது. வெளியே யாரோ முதுகை வைத்துக் கதவில் சாய்ந்த மாதிரி ஒரு அழுத்தம். தகரம் என் கைப்பக்கம் லேசாக உள்வாங்கியது.

"யாரு அது?" என்று கத்தினேன்.

"உள்ளயே இரு."

அவ்வளவுதான். ஆணா பெண்ணா சொல்லத் தெரியவில்லை. அக்கா என் காதோரம் கத்தினாலே பாதிதான் கேட்கிற நேரம் அது, இந்தக் குரலோ அடுப்படியில் இருந்து பேசுகிற மாதிரி சாதாரணமாக வந்தது.

அதே நேரத்தில் ரத்னம்மா அக்கா எழுந்து கதவைத் தள்ள ஆரம்பித்தாள். வெளியே கட்டியிருந்த மாட்டை நினைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "மாடு போனா போவுது, நீ உக்காருக்கா" என்று இழுத்தேன். என் கையைக் கடித்தாள். விடவில்லை, கொண்டையைப் பிடித்துக் கீழே அழுத்தி அவள் மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்போது தரை ஒரு தடவை அதிர்ந்தது. அதற்குப் பிறகும் கதவில் அந்த அழுத்தம் அப்படியே இருந்தது.

காற்று ஓய்ந்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கதவைத் தள்ளினால் ஒருக்களித்து வெளியே வருகிற அளவுக்குத்தான் திறக்கிறது. எதிரே இருந்த பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து, அடிமரம் வாசற்படி மேலேயே கிடந்தது. கதவில் யாரோ சாய்ந்திருந்தார்களே, அதே இடத்தில். கிளைகளுக்குள் தேடினோம், கூப்பிட்டுப் பார்த்தோம். யாருமில்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை, அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. அதே காற்று போகிற வழியெல்லாம் கூரையைப் பிடுங்கிக்கொண்டு இருட்டிய பிறகு அரூர் வரைக்கும் போனதாக அங்கிருக்கிற என் தங்கை சொன்னாள். எங்கள் ஊரில் கம்பங்கள் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாமல், குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைந்தோம்.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார், "மரக்கெள சாஞ்சி கதவ அழுத்தியிருக்கும். காத்துல காது அடச்சிப் போயிருக்கும் உனக்கு."

"கெள பேசுமா?" என்றேன். "மரம் விழுறதுக்கு முன்னாடியே கதவ அழுத்துச்சிங்க."

மாமனார் பக்கத்து ஆட்கள் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு உசுரு கேக்குதும்மா. கெடா வெட்டிட்டு இந்த ரூம இடிச்சிருங்க, இனி பொழுது சாஞ்சா பொம்பளைங்க இங்க வராதீங்க" என்றார்.

"என்னைக் காப்பாத்துனது எதுவோ அது. அதுக்குப் பயந்து எதுக்குங்க இடிக்கணும்? வாழையத் தின்னது காத்து, அதுக்கு நான் கெடா வெட்ட மாட்டேன்" என்றேன். பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று பேசினார்கள். பேசட்டும். புளியமரத்தை அறுத்து எடுத்தோம், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன், அதே மண்ணில் திரும்ப வாழைக்கன்று வைத்தேன்.

கன்று வைத்த அன்றைக்குத்தான் ரத்னம்மா அக்கா அதைக் கேட்டாள். மண் அணைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "அன்னிக்கி என்னை ஏன் மல்லிகா விடல?" என்றாள்.

"அது உள்ளயே இருன்னு சொல்லுச்சில்லக்கா, நீ கேக்கலயா?"

"கேட்டனே. ஆனா அது அப்பிடிச் சொல்லலயே." அவள் கை நின்றுவிட்டது. "ஹொரகே பான்னுச்சி. எங்க பேச்சுல. வெளிய வான்னு. என் பேரச் சொல்லி, ரெண்டு தடவ."

அப்புறம் இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேசினால் வெளியே நின்றது ஒருவரா, இரண்டு பேரா என்று கேட்க வேண்டிவரும். இப்போதும் வானம் கறுத்தால் நான் அந்த மோட்டார் ரூமுக்குத்தான் போகிறேன், அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அவளைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.