தின்னருக்குக் கரையாதது

காளியண்ணன் செத்த பிறகும் அவர் போட்ட சண்டை ஒன்று ஓயவில்லை. அவருடைய கார் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆயுசு முழுக்க பெயிண்ட் அடித்தவர். கை சுத்தம். வாய் அப்படி இல்லை. மகள் ஜெயப்பிரியா சென்னையில் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்தபோது அம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். அப்பா, “அவ்வளவு படிச்சுப்போட்டு, பெயிண்டு காயறதப் பாத்துட்டு உக்காந்திருக்கற உத்தியோகமா?” என்றதோடு சரி.

பக்கத்து வீட்டு சௌந்திரத்தின் வேப்பமரக் கிளை தன் வாசலுக்கு மேல் நீண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. கேட்காமல் வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து பிசின் வடிந்தது. “காரைத் தள்ளி நிறுத்துங்கண்ணா” என்றார் சௌந்திரம்.

“என்ற கார் என்ற ஊட்டு முன்னாலதான் நிக்கும். வேணும்னா நீ மரத்தைத் தள்ளி வெச்சுக்க.”

அந்த மாதமே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். கருமாதி முடியும்வரை காரை யாரும் தொடவில்லை. கூரையிலும் பானட்டிலும் பிசின் சொட்டுச் சொட்டாக விழுந்து, வெயிலில் கல்லாகிவிட்டது.

கருமாதிக்கு மறுநாள் காலை, ஜெயப்பிரியாவின் தம்பி பிரபாகர், பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவோடு வாசலுக்கு வந்தான். அவனும் பட்டறைக்காரன்தான். தாரோ கிரீஸோ கையில் ஒட்டிய கறையோ, எதுவானாலும் அவர்களுக்குத் தின்னர்தான்.

“டப்பாவைக் கீழ வை” என்றாள் ஜெயப்பிரியா.

“மத்தியானம் மோகனூர்லருந்து காரை வெலைக்குப் பாக்க ஆள் வாராங்க. வழிய உடுக்கா.”

“வேப்பம்பிசின் தின்னர்ல கரையாதுடா. தண்ணியிலதான் ஊறும். அப்பா அடிச்ச பெயிண்டுதான் கரையும்.”

“வந்துட்டாங்க, பட்டறைக்காரனுக்குப் பாடம் எடுக்க.”

ஊரார் லாரிகளுக்கே அடித்துக்கொண்டிருந்தவர் தனக்கென்று அடித்துக்கொண்டது இந்த ஒரு வண்டிக்குத்தான். அடர்ந்த மெரூன். ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்டையே அடிக்கச் சொல்லியிருந்தாள் ஜெயப்பிரியா. அது ஒருமுறை இறுகிவிட்டால் தின்னருக்கு மசியாது. பழைய என்.சி. பெயிண்ட் அப்படியல்ல, எத்தனை வருடம் கழித்துத் தொட்டாலும் தின்னரில் கரைந்து வரும். அப்பா போனில் சொன்னார்: “நீ சொன்னதை எவன் அடிப்பான்? என்.சி.தான் அடிச்சேன்.” அதன்பின் இருவரும் போனில் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இப்போது அவர் கைபட்டதில் மிச்சம் இந்தப் பெயிண்ட்தான்.

அவள் பானட்டை மறித்து நின்றாள். பிரபாகர் சுற்றிக்கொண்டு போய், துணியை நனைத்துக் கூரையில் அழுத்தித் தேய்த்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். துணியைப் பிடுங்கி விரித்துப் பார்த்தாள்.

தூசிதான். மெரூன் இல்லை.

அவளே இன்னொரு முனையை நனைத்து, கூரையின் ஓரத்தில் பலமாகத் தேய்த்தாள். துணியில் சாயம் ஏறவில்லை. பிசினும் அசையவில்லை.

“போதுமா? நீ சொன்ன பெயிண்டுதான் அடிச்சாரு. என்னைச் சேலத்துக்கு அனுப்பி வாங்கியாரச் சொன்னாரு. உங்கிட்ட மூச்சு உடப்படாதுன்னாரு.”

“எதுக்கு?”

“உங்கிட்டத் தோத்துட்டேன்னு சொல்ற ஆளா அவரு?”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. திருப்பிக் கத்த வேண்டிய ஆள் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். பழைய துண்டை நனைத்துப் பிழிந்து, பிசின் மேல் போர்த்தினாள். பிரபாகர் பிளேடை எடுத்தான்.

“பிளேடு பட்டுச்சுன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்.”

“பொழுதுக்கும் ஊறப்போட்டுட்டு இரு. வாரவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“வர வேண்டாம்னு சொல்லு.”

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சௌந்திரம் எட்டிப் பார்த்தார். “அந்த மனுசன் போயும் சத்தம் கொறையலயே சாமி!”

“உங்க மரம்தாங்க இதுக்கெல்லாம் காரணம்” என்றாள் ஜெயப்பிரியா.

“வெட்டுனது உங்கப்பன்!”

துண்டை எடுத்தபோது பிசின் கொழகொழவென்று இளகியிருந்தது. விரலால் தள்ளினாள். முழுதாக வழுக்கி வந்தது. அடியில் மெரூன் கீறலில்லாமல் பளபளத்தது. துண்டை அடுத்த சொட்டுக்கு நகர்த்தினாள்.

“நீ சென்னைக்குப் போயிருவ. இது இங்க நின்னு மறுபடியும் பிசின் வாங்கும்” என்றான் பிரபாகர்.

“நான் ஓட்டிட்டுப் போறேன்.”

“ஓட்டத் தெரியுமா உனக்கு?”

“பழகிக்கறேன்.”

அவன் போனை எடுத்து, மோகனூர்க்காரரிடம் கார் விலைக்கில்லை என்று கடுப்பாகச் சொன்னான். பிறகு சாவியைப் பையிலிருந்து எடுத்து பானட் மேல் வீசினான்.

“பெயிண்டு மேல எறியற, கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு!” என்று கத்தினாள்.