டீக்குப் பிறகு விலை

பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு மாடுலர் கிச்சன் அளவெடுக்க வந்தவர் ஒல்லியான மனிதர். சட்டைக் காலரில் மரத்தூள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சுவரையும் டேப்பால் அளந்து முடித்ததும் "ப்ச்" என்றார். ஒவ்வொரு "ப்ச்"சுக்கும் நான் மனசுக்குள் பத்தாயிரம் கூட்டிக்கொண்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நான் பார்க்கும் ஓவர்டைமை நம்பித்தான் இந்தப் புது சமையலறையே.

"மொத்தமா எவ்ளோண்ணே ஆவும்?"

"டீ குடிச்சிட்டு சொல்றேன் சார். முன்னாடியே சொன்னா எந்த ஊட்லயும் டீ வர்றதில்ல."

மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் ஊதி ஊதி நிதானமாகக் குடித்தார். கடைசி மடக்கை விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணனுக்கு இன்னொரு டீ போடும்மா!" என்று அவசரமாகக் குரல் கொடுத்தேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.